ஒரு சொம்புத் தண்ணி

வெள்ளகோவிலில் நான் ஒரு நீச்சல் குளம் கட்டினேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வரும். வந்தது.

கரூரிலிருந்து கோயமுத்தூர் போகிற 81-ம் நம்பர் நெடுஞ்சாலையில் நீங்கள் போயிருந்தால், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எங்கள் ஊரைக் கடந்திருப்பீர்கள். விழித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். தறிச் சத்தம் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டுக் கட்டாக முருங்கைக்காய் கண்ணில் பட்டிருக்கும். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், அதன் நிழலில் நாலு மாடு. அவ்வளவுதான் எங்கள் பூமி. 2009 வரைக்கும் ஈரோடு மாவட்டத்தில் இருந்தோம். அதற்கப்புறம் திருப்பூர் மாவட்டம். எந்த மாவட்டத்தில் சேர்த்தாலும் தண்ணீர் மட்டும் கூட வரவில்லை.

ஆனைமலையில் பெய்து மேற்கே ஓடுகிற மழையைத் திருப்பி, கிழக்கே கொண்டுவந்து பாய்ச்சுகிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கிட்டத்தட்ட 3.77 லட்சம் ஏக்கர். அதை நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். அந்த வாய்க்காலின் கடைசி வாலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாங்கள். கடைமடை. பந்தியில் கடைசி இலைக்காரனுக்குப் பாயசம் வருகிற மாதிரிதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். பக்கத்தில் வட்டமலைக்கரை ஓடைக்குக் குறுக்கே ஒரு அணைகூட இருக்கிறது. கால் நூற்றாண்டு காலம் அதில் ஆடுதான் மேய்ந்தது. 2021-ல் வாய்க்கால் தண்ணீரை அதற்குள் திறந்துவிட்டபோது, ஏதோ திருவிழா மாதிரி ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள்.

இந்த ஊரில் நீச்சல் குளம்!

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி அண்ணன் வேலியோரம் வந்து நின்று, பொக்லைன் தோண்டுவதை அரைமணி நேரம் பார்த்தார்.

"ஏப்பா, கடைமடைக்குத் தண்ணி வுடோணும்னு ரோட்டுல உக்காந்து கத்துனப்ப நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்தே?"

எனக்குச் சுருக்கென்றது. கணக்குச் சொன்னேன். முப்பது அடி நீளம், பதினைந்தடி அகலம், சராசரி ஆழம் நாலரை அடி. சுமார் 57 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு அங்குலம் தண்ணீர் பாய்ச்சினாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகும். இது அதில் பாதிதான். அதுவும் ஒரு தடவை நிரப்பினால் போதும், வடிகட்டி வடிகட்டி அதே தண்ணீர்தான். வெயில் காலத்தில் ஆவியாகிறது தினம் 200, 250 லிட்டர். படுதா போட்டு மூடினால் அதுவும் குறையும்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரிதான். ஆனா ஏக்கருக்குப் பாஞ்ச தண்ணி சோளமா வருது. இது என்னவா வரும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதைதான் இது.

•

முதலில், எதற்கு இந்த ஆசை?

என் பேரன் சென்னையில் இருக்கிறான். மகள் வயிற்றுப் பேரன். ஒரு மே மாதம் வந்தவன், "அப்புச்சி, நீங்க எங்கே ஸ்விம்மிங் கத்துக்கிட்டீங்க?" என்றான். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கிணற்றைக் காட்டினேன். எழுபதடிக் கிணறு. எட்டிப் பார்த்தான். அடியில் பாறை, நாலு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு புறாக்கூடு.

"இதுலயா? தண்ணியே இல்லையே!"

அவன் மேல் தப்பில்லை. ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போட்டுப் போட்டு, ஊர்க் கிணறெல்லாம் வறண்டு பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் காலத்தில் வயிற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டி, எங்கள் அப்பாரு மேலே இருந்து பிடித்துத் தள்ளிவிடுவார். 'அப்பாரு' என்றால் எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பா. முதல் நாள் மூக்கில் தண்ணீர், ரெண்டாம் நாள் காதில் தண்ணீர், நாலாம் நாள் குடுக்கை இல்லாமல் நீச்சல். பையன்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். பெண் பிள்ளைகளை மட்டும் கிணற்றில் இறக்க மாட்டார்கள்.

அந்தக் கிணற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒரு சங்கதியும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். பின்னால் சொல்கிறேன்.

ஆக, கிணற்றில் தண்ணீர் இல்லை. பேரனுக்கு நீச்சல் தெரியாது. 2023 பொங்கல் கழித்துத் தோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

நீச்சல் குளம் கட்டுகிறவன் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். தண்ணீரைப் பற்றியே யோசித்தேன். நீல டைல்ஸா, பச்சை டைல்ஸா? உள்ளே விளக்கு வேண்டுமா? ஏணி எங்கே? குளத்தைச் சுற்றிப் போடுகிற நாலடி கான்கிரீட் கரையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. 'அது சும்மா தளம்தானே' என்று இருந்துவிட்டேன்.

தொட்டிச் சுவர் எழுப்பியவர் எங்கள் ஊர் மேஸ்திரி. அறுபத்தெட்டு வயது. ரசமட்டத்தைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி எடுத்துக்கொண்டு வருவார். சுவர் வேலை செய்ய இடம் வேண்டும் என்று குளத்தைச் சுற்றி மூன்றடி கூடுதலாகத் தோண்டியிருந்தோம். சுவர் எழுந்ததும் அந்த மூன்றடிச் சந்தை மண் போட்டு மூட வேண்டும். மூடி, அதன் மேல்தான் தளம்.

"மண்ணு ஒரு மழை பாக்கட்டுங் தம்பி" என்றார் மேஸ்திரி. "ஐப்பசி மழை ஒண்ணு போச்சுன்னா தானா உக்காந்துக்கும். தை மாசம் தளம் போட்டுக்கலாம்."

"மே மாசம் பேரன் வர்றானே மேஸ்திரிண்ணா."

"அப்படின்னா அரையடி அரையடியா மண்ணக் கொட்டி, தண்ணி வுட்டு, திம்சுக் கட்டையில இடிக்கோணும். மறுபடி அரையடி. சித்தெ நாளாகும்."

"எத்தனை நாள்?"

"ஒரு பதினஞ்சு நாளு."

எனக்குப் பதினைந்து நாள் அதிகமாகப்பட்டது. ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். யார், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், அவசரப்படுத்தியது நான்தான். அவர் பொக்லைனை வைத்து ஒரே மத்தியானத்தில் ஆறடிப் பள்ளத்தையும் மூடிவிட்டார். மேலே ரெண்டு தடவை வண்டியை ஓட்டி, "சார், கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றார். மறுநாள் ஜல்லி, அதற்கு மறுநாள் கான்கிரீட். மேலே சிமென்ட் பால் ஊற்றி இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். முகம் பார்க்கலாம். நான் பார்த்தேன், நன்றாக இருந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

மே மாதம் பேரன் வந்தான், குதித்தான், ஊர் வந்து பார்த்தது, போட்டோ எடுத்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன், தண்ணீரிலும் தரையிலும்.

•

மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோண்டி எடுத்த மண், பூமிக்குள் இருந்த மண் இல்லை. உள்ளே இருக்கும்போது அது ஆயிரம் வருஷமாக ஒன்றின் மேல் ஒன்று இறுகி உட்கார்ந்திருக்கும். தோண்டியதும் பஞ்சு மாதிரி விரிந்துவிடும். நடுவில் எல்லாம் காற்று. மேலே எத்தனை டன் வண்டியை ஏற்றினாலும் மேல் ஒரு அடிதான் இறுகும். அடியில் காற்று அப்படியே இருக்கும். ஒரு நல்ல மழை வந்து உள்ளே இறங்கும்போது காற்று வெளியேறும், மண் கீழே போகும். ஆறடி மண் ரெண்டு மூன்று அங்குலம் சர்வசாதாரணமாக இறங்கும். அப்போது அதன் மேல் இருக்கிற கான்கிரீட் என்ன செய்யும்? கொஞ்ச நாள் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் உடையும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகையில் குளத்து விளிம்பிலிருந்து ஒரு அடி தள்ளி, கோடு கிழித்த மாதிரி ஒரு விரிசல். தை மாதம் விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. முக்கால் அங்குலம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கி, பச்சையாகப் பாசி பிடித்தது. சிமென்ட் வாங்கி நானே பூசினேன். பூசியது பெயர்ந்தது. சரி, முக்கால் அங்குலம்தானே, இதற்கெல்லாம் உடைப்பார்களா?

2024 மே. பேரன் வந்து இறங்கியதும் டவுசரோடு ஓடினான். நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "அப்புச்சி, பாருங்க!" என்று சத்தம். நிமிர்ந்தேன். கட்டை விரல் அந்த முக்கால் அங்குலத்தில் தட்டியது. அடுத்த கால் பாசியில் வைத்தான். மோவாய் குளத்து விளிம்பில் அடித்து, அப்படியே தண்ணீருக்குள் போனான்.

நான் எழுந்து ஓடியது நினைவில்லை. தூக்கிக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. தண்ணீரெல்லாம் சிவப்பு. மூன்று தையல். "நல்லவேளை, தலையில படல" என்றார் டாக்டர். வண்டியில் திரும்பி வரும்போது பேரன் என் மடியில் தூங்கிவிட்டான். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

•

மறுநாள் காலையில் மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 'அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லவுமில்லை. சொல்லாமல் இருக்கப் பெரிய மனசு வேண்டும். வந்தார். ஒரு கம்பியை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், டங்... விரிசல் பக்கம் வந்ததும் காலிப் பானையைத் தட்டிய மாதிரி சத்தம் மாறியது. "கீழ மண்ணே இல்லீங். தளம் அந்தரத்துல நிக்குது."

அப்புறம் ஒரு சொம்புத் தண்ணி கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். தளத்தில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு நேரே குளத்துக்குள் ஓடியது.

"தண்ணி எந்தப் பக்கம் போவுதோ, மனுசனும் அந்தப் பக்கந்தான் வழுக்குவான்" என்றார். "இன்னொரு சொம்பு கொண்டாங். வாங் எங்கூட."

பழைய கிணற்றடிக்குப் போனோம். கிணற்றைச் சுற்றிக் கல் மேடை இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த மேடையில் அவர் சொம்பைக் கவிழ்த்தார்.

தண்ணீர் கிணற்றுக்குள் போகவில்லை. கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபக்கம், முன்பு வாழை இருந்த பாத்திக்கு ஓடியது. நாலா பக்கமும் ஊற்றிப் பார்த்தோம். நாலா பக்கமும் வெளியேதான் ஓடியது.

"இத யாருங் போட்டது? நல்ல வேலைக்காரன்" என்றார் மேஸ்திரி. குனிந்து, கல்லின் மேல் இருந்த உளிக் கோடுகளைத் தடவினார். விரலளவு இடைவெளியில் வரிசையாகப் பொளிந்த கோடுகள். சின்ன வயதில் அது அரிவாள் தீட்டுவதற்கு என்று நினைத்திருந்தேன்.

"கால் வழுக்கக் கூடாதுன்னு பொளி போட்டிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

1974. எனக்குப் பத்து வயது. அத்தை மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள், லீவுக்கு வந்திருந்தாள். கிணற்று மேடை அப்போது வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். துவைக்கிற தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். நாங்கள் பையன்கள் எல்லாம் உள்ளே குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு நீச்சல் தெரியாது, அதனால் மேடையில் நின்று வேடிக்கை பார்த்தாள். நாங்கள் ஏறி வீட்டுக்குப் போனோம். சோறு போடும்போதுதான் அவளைத் தேடினார்கள்.

அதற்கப்புறம் அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. அத்தை அந்தத் தோட்டத்துப் பக்கம் சாகும்வரை வரவில்லை. அப்பாரு அதிகம் பேசாமல் போனார். ஆனால், அந்த வருஷம் கல் வேலைக்காரர்கள் வந்து பல நாள் தங்கியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டுக்குட்டி அறுத்துச் சோறு போட்டார்கள். உளிச் சத்தம் விடிகாலையில் ஆரம்பித்துவிடும். எதற்காக மேடையைப் பெயர்த்து மறுபடி போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு சொம்புத் தண்ணி சொன்னது.

அப்பாரு அழுது நான் பார்த்ததில்லை. கல்லைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்.

உலகத்தில் 2021-ம் வருஷம் மட்டும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில். ஜூலை 25-ஐ இதற்காகவே ஒரு தினமாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயரத்துக்கு வேலி இல்லாவிட்டால் சட்டம் வந்து கதவைத் தட்டும். நாமோ விளக்குக்கும் டைல்ஸுக்கும் செலவு செய்வோம். எத்தனையோ பேருடைய கதை கரையில் ஒரு கால் வழுக்குவதில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால், தண்ணீரைப் பார்க்கிற அளவுக்கு யாரும் கரையைப் பார்ப்பதில்லை.

•

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை மேஸ்திரி சொன்னதுதான் சட்டம்.

தளத்தை மெஷின் வைத்து உடைத்தோம். போட்ட காசைவிட உடைத்து அள்ளுகிற கூலி எனக்குக் கூடுதலாக வலித்தது. சந்தில் இருந்த மண்ணை எல்லாம் வெளியே எடுத்து, கிராவலும் மண்ணுமாகக் கலந்து, அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து, மறுபடி அரையடி. திம்சுக் கட்டை போடுகிற 'தொம், தொம்' சத்தம் பதினைந்து நாள் கேட்டது. முடிந்ததா? "இன்னுமும் ஒரு மழை பாக்கட்டுங்" என்றார். வாயை மூடிக்கொண்டு 2024 ஐப்பசிக்குக் காத்திருந்தேன். பேரனிடம் போனில் சொன்னேன். "மண்ணு உக்காரணும்டா கண்ணு." "ஏன், அதுக்குக் கால் வலிக்குதா?" என்றான்.

2025 தை மாதம் கான்கிரீட். வடக்கே இருந்து வந்த பையன்கள் கலவை போட்டார்கள். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று மேஸ்திரி டியூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தண்ணீர் கூட ஊற்றினால் கலவை பாயசம் மாதிரி ஓடும், இழைக்கச் சுலபம். ஆனால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் பொந்தாக இருக்கும், பலம் இருக்காது. தண்ணீருக்கு அலைகிற ஊரில், 'தண்ணியைக் கொறைச்சு ஊத்து' என்று ஒரு மனிதர் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால், மறுநாள் ஆளே மாறிவிட்டார். தளம் முழுக்க மண்ணில் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தச் சொன்னார். பத்து நாள் வற்ற விடக் கூடாது. "நேத்து ஊத்துனா எமன். இன்னைக்கு ஊத்துனா தாய்ப்பால்" என்றார். சிமென்ட் 'காய்ந்து' இறுகுவதாகத்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லையாம். அது தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. குடிக்க இல்லாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும்.

சரிவு, அடிக்குக் கால் அங்குலம். நாலடி அகலத்துக்கு ஒரு அங்குலம், குளத்திலிருந்து வெளிப் பக்கமாக. நடந்தால் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். மழையில் வருகிற மண்ணும் சருகும் குளத்துக்குள் போகாது, தளத்திலும் தேங்காது. தேங்காவிட்டால் பாசி இல்லை.

குளத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதில் ரப்பர் மாதிரிப் பசையை அடைத்தார். எங்கள் ஊர் வெயிலில் கான்கிரீட் நீளும், ராத்திரியில் சுருங்கும். சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளும். "கூட்டுக் குடும்பத்துல ஆளுக்கு ஒரு ரூம்பு வேணுமில்லீங், அந்த மாதிரி."

அப்புறம் அடுத்த நாளே மெஷினைக் கொண்டுவந்து, புத்தம் புதுத் தளத்தை எட்டடிக்கு ஒரு இடத்தில் ஒரு அங்குல ஆழம் அறுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. "கான்கிரீட்டு வெடிக்காம இருக்காதுங் தம்பி. எங்க வெடிக்கோணும்னு நாம சொல்லிப்போடோணும். சொல்லலைன்னா அது இஷ்டத்துக்கு வெடிக்கும்." நாலு அங்குல கனத்துக்கு எட்டிலிருந்து பத்தடி, கனத்தில் கால் பங்கு ஆழம் என்பதுதான் இதற்கு இன்ஜினீயர்களும் சொல்கிற கணக்கு. விரிசல் அந்த வெட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்லலாமோ என்று தோன்றியது.

கடைசியாக, மேலே இழைக்கவே இல்லை. ஈரமாக இருக்கும்போதே சீமாறு எடுத்து, நடக்கிற திசைக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனார். மெல்லிய கோடு கோடாக விழுந்தது. கிணற்று மேடையில் உளி போட்ட கோட்டின் தம்பி மாதிரி. முகம் தெரியவில்லை. காலுக்குப் பிடி கிடைத்தது. சுற்றிலும் நாலடி உயரத்துக்கு வேலி, தானாகச் சாத்திக்கொள்கிற கதவு.

சிந்து சமவெளியில் மொகஞ்சதாரோ குளம் பற்றிப் படித்திருப்பீர்கள். பன்னிரண்டு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கல்லை நெருக்கி வைத்து, ஜிப்சம் சாந்து போட்டு, கசியாமலிருக்கப் பின்னால் தார் பூசியிருக்கிறார்கள். அதன் தரை ஒரு மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, தண்ணீர் வெளியேற. நாலாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால், சிமென்ட்டுக்குப் பேர்கூட வைக்காத காலத்தில், யாரோ ஒரு மேஸ்திரி அங்கே ஒரு சொம்புத் தண்ணி ஊற்றிப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

•

2025 மே மாதம் பேரன் வந்தான். மோவாயில் ஒரு சின்னத் தழும்பு. தளத்தைக் காலால் தேய்த்துப் பார்த்தான். "சொரசொரன்னு இருக்கு அப்புச்சி" என்று புகார் சொன்னான். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக் கதவு திறந்தது. பங்காளி அண்ணன். கூடவே அவர் பேத்தி, எட்டு ஒன்பது வயது இருக்கும், கழுத்தில் துண்டு. அண்ணன் என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"புள்ளைக்கு நீச்சல் கத்துக் குடுத்துப்போடு. கணக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். சுரைக்குடுக்கை இல்லை, பிளாஸ்டிக் கேன் கட்டிவிடுகிறேன். ஒரு பெரியவர் கரையில் நின்றால்தான் யாரும் தண்ணீரில் இறங்கலாம் என்பது விதி. அந்தப் பெரியவர் பெரும்பாலும் நான். பேப்பர் படிப்பதில்லை.

உங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்காது. குளியலறை இருக்கும். மொட்டை மாடி இருக்கும். வயதான அம்மா துணி துவைக்கிற ஒரு கல் மேடை இருக்கும். இன்றைக்கே ஒரு சொம்புத் தண்ணி எடுத்து அங்கே ஊற்றிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள்.

முக்கால் அங்குலம்தானே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.